ரதத்தை இழுத்த சிவப்பு

அன்று ரதத்தின் முன்னால் நின்றவர்கள் நான்கு பேர்: சபாபதி, அவர் மனைவி இராஜம்மா, கோயில் தலைவர் அய்யாவு, அடுத்த செம்பனைத் தோட்டத்துக் கன்னையா. மற்றவர்கள் ரதத்தின் பின்னால் வந்தவர்கள். நடந்தது அவர்களுக்குத் தெரியாது.

மலேசியாவின் தெலுக் பங்லிமா காராங்கில் அம்மன் ரதத்தை இழுப்பது டிராக்டர். சபாபதியின் அப்பா காலத்திலிருந்து அந்த உரிமை அவர்கள் வீட்டுச் சிவப்பு டிராக்டருக்குத்தான். கன்னையாவுடையது வேறு கம்பெனியின் நீல வண்டி. சேற்றில் எது புதையாது, எது குறைவாக டீசல் குடிக்கும் என்று இருவரும் கடையில் தேநீர் ஆறும்வரை வாதாடுவார்கள். அதைக் கேட்டுச் சலித்த அய்யாவு, சிவப்பால் ரதத்தைக் கோயில் சேர்க்க முடியாவிட்டால் இனி உரிமை நீலத்துக்கு என்று சொல்லிவிட்டார். நீலமும் தயாராகப் பின்னால் வந்தது, மாலையோடு.

அந்த மாலையைக் கண்டதும் சபாபதிக்குப் பொறுக்கவில்லை. அம்மனுக்குச் சாத்திய சாமந்தி மாலைகளை வாங்கி, தம் வண்டியின் முகமே தெரியாதபடி அடுக்கினார்.

கால்வாய்ப் பாலத்தில் ஏறும்போது சிவப்பின் முன்பக்கம் ஆவி கிளம்பியது. அய்யாவு நீலத்தைப் பூட்டச் சொன்னார். சபாபதி விறைப்பாக இறங்கிப் பார்த்தார். காற்றுப் புக வேண்டிய வலையைப் பூ அடைத்திருந்தது.

கன்னையா வந்து குனிந்தார். "என்னண்ணே, செகப்புக்கு மூச்சு முட்டுதா?"

"பூவால முட்டுது. வண்டியில கோளாறு இல்ல."

"தெரியுதுண்ணே." கன்னையா திரும்பினார். "தலைவரே, ரதத்த அவுக்க வேணாம் லா. பூகிட்ட தோத்த வண்டிய ஜெயிச்சு எனக்கென்ன பெருமை? சேத்துல வரட்டும், அப்பப் பாத்துக்கிறேன்."

சபாபதி மாலைகளைக் கழற்றினார். சாமி மாலை தரையில் படக்கூடாது. இராஜம்மாவின் கைகள் நிறைந்துவிட்டன. கடைசி மாலையைச் சபாபதி கன்னையாவின் கழுத்தில் போட்டார்.

"கீழ வைக்கக் கூடாது. அதுக்குத்தான்."

"நானும் கல்யாணம்னு நெனைக்கலண்ணே."

இராஜம்மா சிரித்துவிட்டார். சூடு தணிந்ததும் சபாபதி ஏறி அமர்ந்தார். சிவப்பு ஒரே இழுப்பில் பாலத்தைத் தாண்டியது.

சபாபதி தோல்வியை ஒப்புக்கொண்டு நீல வண்டிக்காரருக்கு மாலை போட்டார் என்று கிள்ளான் பட்டணம்வரை, பின்னாலிருந்து யாரோ எடுத்த படத்தோடு பரவியிருக்கிறது. அது பொய். மாலையை வைக்க வேறு இடமில்லை. ரதத்தைக் கோயில்வரை இழுத்தது சிவப்பு.