முந்தானைக்குப் பின்னால்

உலகநாதன் வண்டியில் மாடுகளைப் பூட்டிவிட்டு, "கெளம்பு, உங்கம்மா வூட்டுல உட்டுட்டு வந்துடறேன்" என்றபோது, அமுதம் கொல்லையில் வறட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அவன் கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னான். அவள் சாணிக் கையைக் கழுவிவிட்டு வண்டியில் ஏறினாள்.

கரிக்கலாம்பாக்கத்துக்கு அவள் வாழ வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதத்தில் முந்தானையால் வாயைப் பொத்தாமல் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊர் அதை அடக்கம் என்றது. மாமியார் வேலம்மாள் நடவுக்கு வரும் பெண்களிடமெல்லாம், "எம் மருமவ பல்லக்கூட ஒருத்தரும் பாத்ததில்லடி" என்று பெருமையடித்தாள். கல்யாணத்தைப் பதியப் பாகூரில் மேரி என்று பிரெஞ்சில் சொல்கிற நகரசபை ஆபீஸுக்குப் போனபோது, "சம்மதமா?" என்று கேட்ட குமாஸ்தாவுக்கு முந்தானைக்குள்ளிருந்து வந்த பதில் எட்டவில்லை. மூன்று தரம் கேட்டார். அதுவும் அவளுக்கு நல்ல பேராகத்தான் முடிந்தது.

உண்மை என்னவென்றால், அமுதத்தின் வாய் நாறியது. தனக்கே தெரியாத நாற்றம் அது. பன்னிரண்டு வயதில், கூட விளையாடிய பெண் ஒருத்தி, "பேரு அமுதமாம், வாயத் தொறந்தா செத்த எலி" என்று கத்திவிட்டு ஓடினாள். அன்றைக்குப் பொத்திய வாய்தான். அதன்பின் பேசும்போது எதிரில் நிற்பவர் அரையடி பின்னால் நகர்கிறாரா என்று பார்ப்பதே அவளுக்கு வேலையாகிவிட்டது. வேலங்குச்சியால் ஈறு கிழிய விளக்கினாள். கொய்யாக் கொழுந்தை மென்றாள். கிராம்பை நாள் முழுக்கக் கடைவாயில் அடக்கியதில் நாக்கு மரத்துப்போனது. வயிற்றுச் சூடு என்று யாரோ சொல்ல, விளக்கெண்ணெயைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். பல்லில் ஒரு சொத்தை கிடையாது. ஆனாலும் ஆட்கள் பின்னால் நகர்வது நிற்கவில்லை. கல்யாணமான பிறகு புருஷன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே முகம் தானாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. அவன் மணப்பட்டுச் சந்தையில் வளையல் வாங்கி வந்தபோதுகூடக் கையை மட்டும்தான் நீட்டினாள்.

வண்டி பாகூர் ஏரிக்கரை மேல் ஏறியது. பிறகு உலகநாதன் மாடுகளைப் பார்த்தபடியே சொன்னான்.

"ஒம் மேல எனக்குக் கோவம் இல்ல. புடிக்காதவன்கூட எட்டு மாசம் இருந்ததே பெருசு. தப்பு எம் பேர்லதான்னு உங்கம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

அமுதம் வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். "புடிக்காம இல்லீங்க. எம் வாய் நாறுதுங்க."

அவன் கயிற்றை இழுத்து வண்டியை நிறுத்தினான். "அதுக்கா?"

"அதுக்குத்தான்."

"அது எனக்குத் தெரியுமே! பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே தெரியும். குனிஞ்சி தண்ணி குடுத்தியே."

"தெரிஞ்சிதான் கட்டிக்கிட்டீங்களா?"

"புளிச்ச கரும்புச் சாத்துலயும் மாட்டுக் கொட்டாயிலயும் வளந்தவன் நான். எனக்கின்னா பெரிய வாசன? ஒங் கண்ணு புடிச்சிது, கட்டிக்கிட்டேன்."

சொல்லிவிட்டு அவன் சிரிக்க ஆரம்பித்தான். எட்டு மாதச் சிரிப்பையும் சேர்த்துச் சிரிப்பவன் போல நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளுக்கு அழுகை வந்தது. அழுகையோடு சிரிப்பும் வந்தது. "இங்க பாரு, ஒடம்புல ஒண்ணுன்னா ஆஸ்பத்திரி எதுக்கு இருக்குது?" என்று அவன் வண்டியைப் பாகூருக்குள் விட்டான்.

அங்கே சூசைநாதன் என்று ஒரு டாக்டர். ஊர் அவரைப் பிரெஞ்சு வழக்கில் தொக்தேர் ஐயா என்று கூப்பிட்டது. அவர் அவள் வாய்க்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தார். ஒவ்வொரு பல்லாகத் தட்டினார், நாக்கை அழுத்தினார். "வாயில ஒரு குத்தமும் இல்லியேம்மா" என்றார். அமுதத்துக்கு மனது விட்டுப்போனது. அவர் கொஞ்சம் யோசித்து, "வாய மூடிக்கிட்டு மூக்கால மூச்சு உடு" என்றார். பிறகு உலகநாதனைப் பார்த்தார். "இருவது வருசமா பினாயில்லயே கெடந்து எம் மூக்கு செத்துப்போச்சி. நீ வந்து மோந்து பாரு."

வாசல் பெஞ்சில் காத்திருந்த ஏழெட்டுப் பேர் எட்டிப் பார்த்தார்கள். உலகநாதன் மூக்கை அவள் முகத்தருகே கொண்டுவந்தான். இடது மூக்கை அடைக்கச் சொன்னார் டாக்டர்.

"ஐயா, இதான்! இந்தப் பக்கந்தான்!" காணாமல்போன கன்றுக்குட்டியைக் கண்டவன் மாதிரி கத்தினான் உலகநாதன்.

"நாறுதா?"

"அமோகமா நாறுதுங்க!"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அமுதமும் சிரித்தாள். கை வாய்க்குப் போக மறந்துவிட்டது.

வலது மூக்கில் மூச்சு வருகிறதா, அந்தப் பக்கம் மட்டும் சளி ஒழுகுமா என்று டாக்டர் கேட்டபோதுதான், எல்லோரும் இரண்டு மூக்காலும் மூச்சு விடுகிறார்கள் என்பதே அவளுக்குத் தெரிந்தது. விளக்கைக் கிட்டே வைத்து, மெல்லிய இடுக்கியை உள்ளே விட்டார். கண்ணுக்குள் பொறி பறந்தது. புருஷன் மணிக்கட்டில் அவள் நகம் பதிந்தது. பீங்கான் தட்டில் ணங் என்று ஒன்று விழுந்தது: வேர்க்கடலைப் பருப்பளவு சாம்பல்நிறக் கல். டாக்டர் தட்டி உடைத்தார். உள்ளே ஒரு குன்றிமணி.

"கொழந்தையில வெளையாட்டா மூக்குல போட்டுக்கிட்டிருப்ப. சுத்திச் சுண்ணாம்பு மாதிரி கட்டிப்போச்சி. நாத்தமெல்லாம் அதாலதான். உப்புத் தண்ணியில மூக்கக் கழுவிக்கிட்டு வா, பத்து நாள்ல ஒண்ணும் இருக்காது."

அமுதத்துக்கு அப்படி எதுவும் ஞாபகமில்லை. செய்யாத தப்புக்கு அந்தக் கசப்பையெல்லாம் தின்ற தன் வாயை நினைத்து அவளுக்குப் பாவமாக இருந்தது.

ரத்தம் நிற்கும்வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு வண்டி ஏறினார்கள். வலப்பக்கக் காற்று புதிதாக, சில்லென்று, கொஞ்சம் எரிச்சலோடு உள்ளே போனது. கூடவே என்னவோ வந்தது. அவள் வண்டிக்குள் எழுந்து நின்றாள்.

"இன்னாங்க இது வாசன?"

"எங்கியோ வெல்லம் காச்சறாங்க."

பிறந்ததிலிருந்து தின்ற வெல்லம்தான். அது இவ்வளவு தூரம் நடந்து வரும் என்று அவளுக்குத் தெரியாது. நாற்றங்கால் சேற்றை, மாட்டின் முதுகு வியர்வையை, அவன் தலைத்துண்டை எல்லாம் ஒவ்வொன்றாக மோந்து பார்த்து, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். ஏரிக்கரையில் வழி பிரியும் இடம் வந்தது.

"செரி, எந்தப் பக்கம் ஓட்டட்டும்? உங்கம்மா வூட்டுக்கா, நம்ம வூட்டுக்கா?" என்றான் உலகநாதன்.

அமுதம் மண்டியிட்டு முன்னால் நகர்ந்தாள். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, காதோரம் வாயை வைத்து என்னவோ சொன்னாள். கரையில் வேறு ஆளே இல்லை, உரக்கவே சொல்லியிருக்கலாம். உலகநாதன் கையிலிருந்து கயிறு நழுவியது. மாடுகள் இரண்டும் பாதையை விட்டு இறங்கி, தண்ணீரோரத்துப் பச்சைப் புல்லில் வாய் வைத்தன.