பாதித் தம்ளர் கீழாநெல்லி

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் நாக்கு சித்திரை வெயிலில் மோர்மிளகாயாக வற்றட்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு வாக்கில், பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் தானியேல் என்று ஒரு டாக்டர் இருந்தார். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கேட்கும் என்று ஊரே சொல்லிற்று. ஒன்றுமே குடிக்காதவனுக்கும் சில சமயம் காமாலை இறங்குகிறதே, பிறகு இலைக்கு என்ன பெருமை என்று டாக்டர் கேட்டார். ஆகவே காமாலைக்காரர்களை எதிரெதிரே இரண்டு வரிசையாகப் படுக்கவைத்துத் திருவுளச்சீட்டுப் போட்டார். ஒரு வரிசைக்கு மோரில் அரைத்துக் கலக்கிய கீழாநெல்லி. மற்ற வரிசைக்கு வெறும் மோர்.

வெறும் மோர் விழுந்தது பத்தமடைப் பாய் வியாபாரி காஜா முகைதீனுக்கு. ஈரல் வீங்கி, கிழிந்த நாராகக் கிடந்தார். அவர் ஆற்றில் கால் நனைத்த அன்று சீவலப்பேரி வரைக்கும் தண்ணீர் மஞ்சளாக ஓடியது என்பார்கள். அது மிகை. அதற்கு முந்தின மணப்படைவீடு வரைதான் ஓடியது.

எதிர்க்கட்டிலில் பாக்கியசீலன் வாத்தியார். அவருக்குக் கீழாநெல்லி கலந்த பச்சைத் தம்ளர். அதைத் தூக்கும்போதெல்லாம் எதிரே இரண்டு மஞ்சள் கண்கள்.

"நீரு குடியும் வாத்தியாரே. நான் பாக்கலவே, கண்ணுதான் அங்கன போவுது" என்றார் காஜா முகைதீன்.

ஏங்கிப் பார்ப்பவன் முன்னால் தனியாகத் தின்றால் கொதி விழும், வயிற்றைப் பிடுங்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வாத்தியார் ஒரே நாள்தான் தனியாகக் குடித்தார். அவர் வயிறு உறுமியதில் மழை வருகிறதென்று கம்பவுண்டர் கொடியில் கிடந்த துணியை எல்லாம் எடுத்துவிட்டார். மறுநாள் முதல் பாதித் தம்ளர் எதிர்க்கட்டிலுக்குப் போயிற்று. அதைப் பார்த்து வரிசை முழுக்கப் பங்கு வைத்தார்கள்.

காஜா முகைதீன் எழுந்து உட்கார்ந்தார். வெறும் மோரே போதுமோ என்று டாக்டர் குழம்பிய வேளையில், தம்ளர் கைமாறுவதைக் கண்டுவிட்டார்.

"வேதம் படிச்சவரு, கொதிக்குப் பயப்படுதீரோ?"

"எனக்கு வேதத்துல நம்பிக்கை உண்டு டாக்டரே. வயித்துக்குத்தான் இல்ல."

காஜா முகைதீனைத் தனி அறைக்கு மாற்றச் சொன்னார் டாக்டர். இப்போது விட்டால் கீழாநெல்லி கேட்டதா, மோர் கேட்டதா என்று எவனுக்கும் தெரியாமல் போகும். நாளைக்கு வரும் நோயாளிகளுக்கு எதைக் கொடுப்பது என்றார். சொன்னது நியாயம்தான். காஜா முகைதீனுக்கு விசிறிக்கொண்டிருந்த அவர் மனைவி ஆசியா உம்மாள் விசிறியைக் கீழே வைத்தாள்.

"ஒங்க சோதனைய அடுத்த வருசத்துக்கு வச்சுக்கிடலாம் டாக்டரய்யா. இவுகள அப்பிடி வச்சுக்கிட முடியாதுல்லா."

டாக்டர், கட்டில் அங்கேயே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

காஜா முகைதீன் பிழைத்து, நடந்தே பத்தமடைக்குப் போனார். இரண்டு வரிசையும் ஒன்றுபோல் தேறிற்று. குணப்படுத்தியது பாதி மருந்தா, மோரா, எதிரில் இருப்பவனை விட்டுக் குடிக்க மனம் வராததா என்று டாக்டர் கடைசிவரை யோசித்துக்கொண்டே இருந்தார். முதல் இரண்டையும் அளக்கத் தம்ளர் உண்டு. மூன்றாவதற்கு அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அது பெண்கள் ஆஸ்பத்திரி. ஆண்களை அங்கே சேர்த்ததே கிடையாது. ஏனோ என் நாக்கு வறள்கிறது.