பதினோராம் பக்கம்

மார்ச் மாத விடியல். ஓடென்ஸெ துறைமுகத்தை ஒட்டிய அச்சகத்தில் விபெகெ ஐந்து மணியிலிருந்தே குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தாள். மடிந்து விழும் தாள்களை வாரி, தட்டிச் சமன்செய்து, கம்பித் தையல் இயந்திரத்தின் வாயில் அடுக்க வேண்டும். மையின் நெடி தொண்டையில் கசந்தது. தாள் விளிம்பு கீறிய விரல்கள் குளிரில் எரிந்தன. டென்மார்க்கின் வணிகர்களும் மந்திரிகளும் வெள்ளிக்கிழமை காப்பியோடு புரட்டும் 'தராசு' வார இதழ் அந்த விரல்கள் வழியாகத்தான் போயிற்று.

ஆறு பேர் வேலையை இப்போது நான்கு பேர் செய்தார்கள். தாள் சிக்கி, தடுப்பு மூடியைத் திறந்தால் இயந்திரம் நின்றுவிடும். நேரம் வீணாகிறதென்று அச்சகத்துக்கும் இதழுக்கும் முதலாளியான ஹென்னிங் மூடியையே கழற்றி, அதன் நிறுத்துவிசையையும் கட்டிப்போடவைத்தார். போன வாரம் அந்த இயந்திரம் சக தொழிலாளி அய்னரின் மூன்று விரல்களைத் தின்றது. அவன் மணிக்கட்டை அமுக்கிப் பிடித்தபடி ஆம்புலன்ஸில் போனவள் விபெகெதான்.

இன்று பதினோராம் பக்கத்தில் அவள் கண் நின்றது. 'நமது அச்சக விபத்துக்குத் தொழிலாளியின் கவனக்குறைவே காரணம். பாதுகாப்பு விதிகள் தொழிலை நெரிக்கின்றன.'

இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

"என்னாச்சு, சிக்கிக்கிச்சா?" தொழிலாளர் பிரதிநிதி தோர்கில் ஓடிவந்தான்.

"தாள் சிக்கல. எனக்குத்தான் தொண்டையில சிக்கிக்கிச்சு. இதப் படி."

படித்தான். கையை உயர்த்தினான். அச்சு இயந்திரமும் ஓய்ந்தது. அந்த அமைதியில் கூரைத் தகரம் காற்றில் அடித்துக்கொண்டது.

ஹென்னிங் மாடியிலிருந்து இறங்கினார். குரல் உயரவில்லை, அதுதான் பயமாயிருந்தது.

"உடம்பு சரியில்லையா, விபெகெ?"

"நல்லாத்தான் இருக்கேன், ஹென்னிங். பத்து விரலும் இருக்கு. மூடிய மாட்டச் சொல்லுங்க."

"அடுத்த மாசம் பார்க்கலாம்."

"அதுவரைக்கும் விரலை வீட்டுல வெச்சிட்டு வரணுமா?" என்றான் தோர்கில். யாரோ சிரித்தார்கள், சிரிப்பு பாதியில் செத்தது.

"பத்திரிகையில என்ன வரணும்னு இனி நீங்கதான் சொல்வீங்களோ?" என்றார் ஹென்னிங்.

"எழுதறது உங்க பாடு," என்றாள் விபெகெ. "பக்கத்துலயே அய்னர் சொல்றதையும் போடுங்க."

"இது சட்டவிரோதம். தொழில் நீதிமன்றத்துல அபராதம் கட்டியே அழிஞ்சு போவீங்க."

"உயிருக்கும் மானத்துக்கும் ஆபத்துன்னா வேலைய நிறுத்தலாம்னு ஒப்பந்தத்துலயே இருக்கு," என்றான் தோர்கில். "நீங்க கையெழுத்துப் போட்டதுதான்."

"பத்து மணிக்கு வக்கீல் வருவார். வேலைய நிறுத்துனவங்க பேரை எழுதி வையுங்க. இதழ் எப்படியும் வெளிய வரும்."

பக்கங்களின் அச்சுக்கான ஃபிலிம்களைப் பெட்டியில் கட்டி, வேறோர் அச்சகத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். வாசலில் வேன் உறுமிக்கொண்டிருந்தது.

"பெட்டியில என்ன?" என்றான் ஓட்டுநர் பாலெ.

"அய்னர் மேல பழி," என்றாள் விபெகெ, அச்சான தாளை நீட்டி.

போன மாதம்தான் இரட்டைக் குழந்தைகளுக்குத் தகப்பனானவன் பாலெ. வேனின் விளக்கொளியில் கடைசி வரி வரை நிதானமாகப் படித்தான். பிறகு என்ஜினை அணைத்தான்.

"என் வண்டி இன்னைக்கு நகராது, ஹென்னிங்."

ஹென்னிங் மாடியேறினார். தொலைபேசியில் அவர் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. ஹென்னிங் கேட்ட பெயர்ப் பட்டியலுக்குத் தோர்கில் ஒரு வெற்றுத்தாளை எடுத்தான். நான்கு பேரும் பெயரெழுதினார்கள். பாலெ பேனாவுக்குக் கைநீட்டினான்.

பத்து மணிக்கு இன்னும் நேரமிருந்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை.