இரண்டாவது பிரேக்

என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். பயிற்சி வண்டியில் கற்றுக்கொள்பவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் இவருக்கு ஒரு பிரேக். அது வண்டியோடு நின்றிருந்தால் நான் ஏன் புலம்பப் போகிறேன்? பஸ்ஸில் போனாலும் காலை அழுத்துவார். சினிமாவில் கார் வேகமாகப் போனால் முன் சீட்டுக்காரர் முதுகில் உதை விழும். ராத்திரியில் அந்த உதை எனக்கு.

உதைக்கும் அளவுக்காவது தூங்கினால் போதும் என்று நான் ஏங்கும் காலமும் வந்தது. தலைக்கு மேல் வேலை, சபையில் ஒலிபெருக்கிப் பொறுப்பு வேறு. விடிய விடியக் கொட்டக் கொட்ட விழித்துக் கிடப்பார். இப்படியே போனால் ஓடுகிற வண்டியிலேயே மயங்கி விழுவார் என்று டாக்டரே எச்சரித்துவிட்டார்.

ஜெபம் செய்யாத ஆளா? ஒரு நாள் தவறியதில்லை. ஆனால் அதைக் கேட்க வேண்டுமே! ஆண்டவரே, முதலில் மகளுக்கு வேலை, அது முடிந்ததும் தம்பியின் முழங்கால், அவசரப்படாமல், இரண்டு பக்கமும் பார்த்து... ஆண்டவருக்கே எல் போர்டு மாட்டிவிட்டார் மனிதர்.

போன ஞாயிறு பிரசங்கம், புயலில் இயேசு படகில் தூங்கியதைப் பற்றி. திரும்பும்போது இவருக்குத் தலை சுற்றியதால் பயிற்சி வண்டியை நான் ஓட்டினேன். இவர் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து பொரிந்து தள்ளினார். அலை அடிக்கிறதாம், தண்ணீர் ஏறுகிறதாம், பொறுப்பானவர் தலையணை வைத்துத் தூங்குகிறாராம். நம் ஸ்கூலில் அப்படி ஒருத்தர் இருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பாராம்.

சொல்லிக்கொண்டே பிரேக்கை மிதித்தார். வண்டி நடுரோட்டில் நின்றது. எதிரே ஒரு ஈ காக்கை இல்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏங்க, ஜெபத்துலயும் நீங்க இப்படித்தான். ஓட்டுங்க ஆண்டவரேன்னு சொல்லிட்டு, காலை பிரேக்லயே வச்சிருக்கீங்க. பாவம், அவர் எப்படிங்க வண்டியை நகர்த்துவார்?"

முறைத்தார். பிறகு உதடு துடித்தது. குபீரென்று சிரித்தார். நானும் சிரிக்க, பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடிக்க, நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம். மெல்ல அவர் சிரிப்பு அடங்கியது. கண் கலங்கியிருந்தது.

"அவர் பொறுப்பில்லாம தூங்கல. மேல அப்பா பார்த்துக்குவார்னு தெரிஞ்சு தூங்கியிருக்கார். எனக்குத்தான் இத்தனை நாளா அது தெரியல."

ஷூவைக் கழற்றிவிட்டு, சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடி, "ஆண்டவரே, காலை எடுத்துட்டேன். நீங்களே ஓட்டுங்க" என்றார். அவ்வளவுதான் ஜெபம். நான் ஆமென் சொல்வதற்குள் குறட்டை வந்துவிட்டது.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அலுங்காமல் வண்டியை எடுத்தேன். வீடு வந்தது, நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் எழுந்துவிடுவாரே! அதே நாலு தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எல் போர்டு வண்டி, வாயைப் பிளந்து தூங்கும் மாஸ்டர், தனக்குத்தானே சிரித்தபடி ஓட்டும் நான். இவரிடம் கற்றுக்கொள்ளும் மருந்துக்கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டார். உஷ் என்று அவருக்கு விரலைக் காட்டிவிட்டுப் போனேன்.

பெட்ரோல் தீரும் நிலை வந்ததும் வேறு வழியில்லாமல் வாசலுக்குத் திருப்பினேன். இருந்த குஷியில் குப்பைத்தொட்டியைக் கவனிக்கவில்லை. டமார்! தொட்டி உருண்டு போய்ச் சுவரில் முட்டியது. வண்டியில் ஒரு கீறல் விழுந்தால் ஒரு வாரம் பாடம் நடத்துகிற மனிதர். மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

அரைக்கண் திறந்து தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பரவால்லம்மா" என்றார். மறுபடி தூங்கிவிட்டார்.

கல்யாணமான இத்தனை வருஷத்தில் இவர் வாயிலிருந்து நான் கேட்காத வார்த்தை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. உள்ளே சமையல் பாக்கி, துவைக்கிற துணி பாக்கி. கிடக்கட்டும் என்று என்ஜினை அணைத்தேன். ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு, சீட்டைச் சாய்த்து, நானும் கண்ணை மூடினேன்.