பாலத்தில் நின்ற ஆட்டோ

ராயப்பேட்டை ஸ்டாண்டில் மின்சார ஆட்டோ வைத்திருந்தது ஷகீலா மட்டும்தான். மற்றவர்கள் எல்லோரும் கேஸ் வண்டிக்காரர்கள். பங்கில் நெடுநேரம் வரிசையில் காத்திருந்துவிட்டு வரும் எரிச்சலை அவள் வண்டிமேல் காட்டுவார்கள். அதிலும் தௌஃபீக், அது ஆட்டோவே இல்லை, சக்கரம் வைத்த மிக்ஸி என்பான்.

ஒருநாள் அவள் தெருவில் இரவு முழுக்க கரண்ட் இல்லை. காலையில் பார்த்தால் கால்வாசி சார்ஜ்கூட இல்லை. கிட்டத்துச் சவாரியாக ஏற்றிச் சமாளிக்கலாம் என்றுதான் கிளம்பினாள். ஆனால் மயிலாப்பூரில் வீணையோடு வெயிலில் நின்ற ஜலஜாவிடம் முடியாது என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. வீணையைப் பார்த்துவிட்டே பல வண்டிகள் நிற்காமல் போயிருந்தன. அடையாறில் ஒரு பள்ளிக்கூட விழாவில் ஜலஜா வாசிக்க வேண்டும்.

மெட்ரோ வேலைக்காக வண்டிகளைச் சுற்றுவழியில் திருப்பிவிட்டார்கள். மிச்சமிருந்த சார்ஜும் அதில் தீர்ந்தது. அடையாறு பாலத்து ஏற்றத்தில் வண்டி நின்றேவிட்டது.

பின்னால் ஒரே ஹாரன்.  சார்ஜ் குறைவு என்று தெரிந்தேதான் ஏற்றினேன் என்று ஜலஜாவிடம் சொல்லி ஷகீலா மன்னிப்புக் கேட்டாள். அப்போது பின்னால் வந்து நின்ற காலி ஆட்டோவில் இருந்தவன் தௌஃபீக். சிரிக்கப்போகிறான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை.

“அம்மாவ நீ இட்டுக்கினு போ தௌஃபீக்” என்றாள்.

அவன் வீணையைப் பார்த்தான்.

“நடுரோட்ல அத்த எறக்கி ஏத்தறதுக்குள்ள எவனாச்சும் இடிச்சிடுவான். நீ ஹேண்டில நேரா புடி அக்கா, நான் தள்றேன்.”

தன் வண்டியை ஓட்டிக்கொண்டே இடது காலை அவள் வண்டியின் பின்பக்கம் ஊன்றித் தள்ளினான். இரண்டு ஆட்டோக்களும் ஒன்றாகப் பாலம் ஏறி இறங்கின. வீணையை இறுகக் கட்டிக்கொண்டிருந்த ஜலஜாவுக்குப் பாதி வழியில் சிரிப்பு வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் அவர் சொன்னதும் வண்டியைச் சார்ஜில் போட விட்டார்கள். கச்சேரி முடிந்து திரும்பும்போது ஜலஜா சொன்னார்:

“எங்காத்து கார் ஷெட் சும்மாத்தான் கிடக்கு. கரண்ட் இல்லாத நாள்ல அங்க வந்து போட்டுக்கோங்கோ.”

சாயங்காலம் ஸ்டாண்டில் தௌஃபீக் அவள் வண்டிச் சாவியைக் கேட்டான். பீட்டர்ஸ் சாலைவரை ஓட்டிவிட்டு வந்து இறங்கினான்.

“ஒதறவே இல்லியேக்கா. இடுப்புக்கு இன்னா சொகமா கீது.”

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு மின்சார ஆட்டோ ஷோரூமுக்குப் போனான். அங்கே ஒரு புது வண்டியில் ஏறி உட்கார்ந்தவன், வெகுநேரம் இறங்கவே இல்லை.