கால் வீக்கத்துக்குச் சாம்பிராணி

வியாழன் பின்னேரம் அஸர் தொழுத கையோடு கமீலா சாம்பிராணிச் சட்டியும் கையுமாகத் தில்லையடி ஊரில் உள்ள வீட்டுக்குள் நுழைந்தாள். கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்த மர்ஸூக் அவளுடைய நானா, கூடப்பிறந்த அண்ணன். அவருடைய இரண்டு கால்களும் பூசணிக்காயாக வீங்கிக் கிடந்தன.

"சன்னலைச் சாத்துங்க மச்சி. புகை வெளிய போனா கண்ணூறு கழியாது," என்றாள் கமீலா.

"இந்த மனிசனப் பாத்துக் கண்ணூறு போட ஊருல எவனுக்குப் பைத்தியம்?" என்றாள் மர்ஸூக்கின் மனைவி சுல்பா.

கிளினிக்கில் டொக்டர் சொன்னதை அவள் வந்தவர் போனவருக்கெல்லாம் ஒப்புவித்தாயிற்று. அவர் வேலை செய்த தென்னந்தும்பு மில்லின் தூசியும் சிகரட்டும் சேர்ந்து நுரையீரலைக் கெடுத்துவிட்டன. கெட்டுப்போன நுரையீரலுக்குள் இரத்தத்தைத் தள்ளித் தள்ளியே இருதயத்தின் வலது பக்கம் களைத்துப்போயிற்று. அதனால் தேங்கிய நீர்தான் காலில் இறங்கியிருக்கிறது. புகை கிட்டவும் வரக்கூடாது.

"நெஞ்சுல குழாய வெச்சுப் பாத்துட்டுக் காலுக்குக் காரணம் சொல்றவன் ஒரு டொக்டரா?"

"நல்லாக் கேட்டாய்... தங்கச்சி," என்று மர்ஸூக் மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்னார். "வருத்தம்... கால்ல. நெஞ்சு... இரும்பு."

"ஓம், இரும்பு! கக்கூசுக்குப் போறதுக்குள்ள சுவரப் புடிச்சிட்டு நிக்கிற இரும்பு."

அடுப்பில் கறி தீயும் மணம் வந்தது. சுல்பா இறக்கி வைத்துவிட்டு வருவதற்குள் சன்னல் சாத்தியிருந்தது, சட்டி கட்டிலுக்கடியில் புகைந்துகொண்டிருந்தது. மர்ஸூக்கின் உதடு நீலமாகியிருந்தது. வாய் திறந்திருந்தும் காற்று உள்ளே போகவில்லை.

அவள் சட்டியைச் சீலைத் தலைப்பால் தூக்கி முற்றத்தில் வீசினாள்.

"ஓதின சட்டி மச்சி! வீட்டுப் பறக்கத்து, ஐஸ்வரியம் எல்லாம் போயிரும்!"

"வீட்டுப் பறக்கத்து இந்தா மூச்சு வாங்கேலாமக் கெடக்கு, கண் தெரியல்லியா? தள்ளுங்க!"

வாசலில் கமீலாவின் புருஷன் லாபிர் த்ரீவீலுக்குள் இருந்து சிகரட் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், அந்தச் சனியன வீசிட்டு வண்டிய எடுங்க. ஆஸ்பத்திரிக்கு!"

வண்டியில் சுல்பா மர்ஸூக்கைச் சரியவிடாமல் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். வாய் மட்டும் ஓயவில்லை.

"தங்கச்சி புகை போட்டா நல்லாகும், பொஞ்சாதி சொன்னாப் பொய். அப்படித்தானே? சொல்லுங்களேன், இரும்பு மனிசன்!"

ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் திருப்பித் தருகிறவர் தலையை மட்டும் அசைத்தார். சுல்பா அவருடைய முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"என்னங்க, ஏசுங்களேன்," என்றாள். "ஒருக்கா ஏசுங்க."