கீறல் இல்லாத வண்டி

வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, மண்டியிட்டு உட்கார்ந்து, சைலன்ஸர் வரைக்கும் கையால் தடவிப் பார்த்துவிட்டாள். ஒரு கீறல்கூட இல்லை. ஹேண்டில் பார் நேராக இருந்தது. கண்ணாடிகள் இரண்டும் முழுசாக இருந்தன. நேற்றுக் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவள் கணவர் ஈரத்துணியால் துடைத்தாரே, அந்தத் துணி போன தடம்கூட பெட்ரோல் டாங்க்கின் மேல் அப்படியே காய்ந்து கிடந்தது.

விபத்து என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நேற்று மத்தியானம் போனில் பேசியவர் அப்படிச் சொன்னார். ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. இன்று காலை உடலைக் கொண்டுவந்து ஹாலில் கிடத்தியபோது நெற்றியின் வலது ஓரத்தில் இருந்த காயத்தை அவளே பார்த்தாள். இப்போது தகனம் முடிந்து எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். கீழே வண்டி வந்திருக்கிறது என்று யாரோ சொன்னது காதில் விழுந்ததும், ஒருவரிடமும் சொல்லாமல் படியிறங்கி வந்துவிட்டாள். நொறுங்கிப்போன வண்டியைப் பார்க்க மனசைத் திடப்படுத்திக்கொண்டு வந்தவளுக்கு, பளபளவென்று நிற்கும் இதைப் பார்த்ததும் பகீரென்றது.

வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவன் தூண் ஓரமாக நின்றிருந்தான். அவர் விழுந்ததாகச் சொன்ன இடத்தில் பஞ்சர் கடை வைத்திருப்பவன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனதும் அவன்தான். விரல் இடுக்கெல்லாம் கறுப்பு. சாவி அழுக்காகிவிடக் கூடாதென்று ஒரு காகிதத்தில் சுற்றிப் பிடித்திருந்தான்.

"எப்படி விழுந்தாரு?" என்று கேட்டாள்.

அவன் சாவியை நீட்டினான். "மேல உங்க அண்ணன்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன்க்கா."

"என்கிட்ட சொல்லு."

அவன் வாயைத் திறப்பதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் அண்ணன் என்று கூப்பிடுவது நாத்தனாரின் கணவரை. பழைய வண்டிகளை வாங்கி விற்கும் புரோக்கர். வண்டியைப் பார்த்தாலே விலை சொல்லிவிடுவார். இப்போதும் அப்படித்தான் பார்த்தார். பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"இப்படிப் புதுப்பொண்ணு மாதிரி நிக்குதே. எவன் நம்புவான்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டவர், அவளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நீ மேல வாம்மா. உள் ரூம்ல உக்காந்து பேசுவோம். தம்பி, நீயும் வா. போயிடாத."

ஹாலில் வாடகை நாற்காலிகளில் அவருடைய ஆபீஸ்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைக் கணக்கெடுத்து வருகிற வேலை அவருக்கு. வெயிலோ மழையோ, நாள் முழுக்க வண்டிதான். சாவு வீட்டில் வந்து உட்கார்ந்து இவர்கள் பேசிக்கொண்டிருந்தது மோட்டார் சைக்கிள் இன்ஷூரன்ஸ். காலையில் அதைக் கேட்டபோது அவளுக்குச் சுருக்கென்றது. இப்போதுதான் புரிந்தது, அவர்கள் அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆபீசில் அவருக்குப் 'பாலிசி' என்று பெயர்.

"அந்தப் பெருமழையில என் வண்டி சீட்டு வரைக்கும் முழுகிடுச்சு," என்றார் கேஷியர். "பாலிசி போன் போட்டாரு. எப்படி இருக்கீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. தண்ணி வடிஞ்சதும் ஸ்டார்ட் பண்ணிராதீங்க, பண்ணிட்டா எஞ்சினுக்குப் பைசா தரமாட்டான், அப்படியே தள்ளிக்கிட்டுப் போங்கன்னாரு. தள்ளிக்கிட்டுப் போனேன். முழுசா குடுத்தான். எங்க பக்கத்து வீட்டுக்காரரு அவசரப்பட்டு உதைச்சாரு. இன்னும் அலையறாரு."

"எனக்குத் திருடு போனப்ப ரெண்டு சாவியும் கொண்டான்னுட்டான்," என்றார் லைன்மேன். "ஒண்ணு குறைஞ்சா க்ளெய்ம் கிடையாதாம். வண்டி வாங்கின அன்னைக்கே பாலிசி வீட்டுக்கு வந்து ரெண்டாவது சாவிய என் சம்சாரம் கையில குடுத்து பீரோவுல பூட்டச் சொன்னாரு. என்மேல நம்பிக்கை இல்ல அவருக்கு."

யாரோ சிரித்து, சட்டென்று சிரிப்பை விழுங்கினார்கள்.

"நான்தான் அவர் பேச்சைக் கேக்காம மலிவா இருக்குன்னு வேற கம்பெனிக்குப் போனேன்," என்றது மூலையில் இருந்து ஒரு குரல். "பிரீமியத்துல மிச்சம் பிடிச்சதெல்லாம் அவன் ஆபீசுக்கு நடையா நடந்து ஆட்டோவுக்கே போச்சு."

அவள் அவர்களைத் தாண்டி உள்ளே போனாள். ஊரில் எல்லோரும் விலையைக் கேட்டுத்தான் கம்பெனியைத் தேடுவார்கள். அவர் அடிபட்டவர்களைக் கேட்பார். சிக்னலில் பக்கத்தில் நிற்கிற வண்டியின் மட்கார்டு நசுங்கியிருந்தால் போதும், எட்டிப் பார்த்து, "எந்தக் கம்பெனிங்க? குடுத்தானா?" என்று ஆரம்பித்துவிடுவார். பின்னால் உட்கார்ந்திருக்கும் அவளுக்கு மானம் போகும். ஒருமுறை காய்ச்சலுக்கு ஊசி போடப் போன இடத்தில், காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தவரிடம் அரைமணி நேரம் விசாரித்துவிட்டு, ஊசியை மறந்து வந்துவிட்டார். வருஷம் ஒரு தடவை நாலு கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து அவளையும் கேட்கச் சொல்வார். முடித்துவிட்டு, "எதை எடுக்கலாம், சொல்லு," என்பார். "எதையாவது எடுங்க, எல்லாம் ஒண்ணுதான்," என்பாள் அவள். அதற்கு ஒரு நாள் முழுக்க முகம் தூக்கி வைத்திருப்பார்.

இத்தனை கேட்டவர் தன் வண்டிக்கு ஒரு க்ளெய்ம்கூடப் போட்டதில்லை. போட்டதில்லை என்பதில்தான் அவருக்குப் பெருமையே. பக்கத்து வீட்டுக் கார் இடித்து இண்டிகேட்டர் உடைந்தபோதுகூடக் கைக்காசைப் போட்டு மாற்றினார். க்ளெய்ம் போட்டால் அந்த வருஷத்துத் தள்ளுபடி போய்விடுமாம். வருஷா வருஷம் தள்ளுபடி ஏறுவதை, மற்ற வீடுகளில் பிள்ளை வாங்கிய மார்க்கைச் சொல்வதுபோல அவளிடம் சொல்வார். சொல்வதற்கு அந்த வீட்டில் அவளை விட்டால் வேறு ஆளும் இல்லை.

புரோக்கர் கதவைச் சாத்தினார். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கணவர் படுக்கும் பக்கத்துத் தலையணையை யாரோ எடுத்துப்போயிருந்தார்கள். பஞ்சர் கடைக்காரன் எதன்மேலும் பட்டுவிடாமல் கதவோரம் ஒடுங்கி நின்றான்.

"நேரா விஷயத்துக்கு வரேன்," என்றார் புரோக்கர். "பாலிசில ஓட்டுறவனுக்கும் சேர்த்து விபத்து கவர் எடுத்து வெச்சிருக்கான். உன் பேருதான் நாமினி. கம்பெனியும் நல்ல கம்பெனி. அவன் தேடி எடுத்ததாச்சே. ஆனா ஒண்ணு. விழுந்து செத்தாத்தான் காசு. செத்து விழுந்தா கிடையாது."

"இவர் எப்படி?"

"எப்படின்னு நாமதான் சொல்லணும்."

அவள் பஞ்சர் கடைக்காரனைப் பார்த்தாள். அவன் புரோக்கரைப் பார்த்தான். புரோக்கர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு அவன் ஆரம்பித்தான்.

"விழவே இல்லக்கா. மெதுவாத்தான் வந்தாரு. ஓரமா நிறுத்தி ஸ்டாண்ட் போட்டாரு. ஹெல்மெட்ட கழட்டி கண்ணாடில மாட்டினாரு. கடை வாசல்ல பழைய டயரு அடுக்கி வெச்சிருப்பேன். கொஞ்சம் உக்காந்துக்கறேன்னாரு. உக்காருங்க சார்னேன். யாருக்கோ காத்திருக்காருன்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

"நான் வேலைய பாத்துக்கிட்டு இருந்தேன். குனிஞ்சு டியூப் ஒட்டிட்டு இருந்தேன். அரைமணி நேரம் இருக்கும். அவர் உக்காந்திருந்த அடுக்குல ஒரு டயரு எடுக்க வேண்டி வந்துச்சு. சார் கொஞ்சம் தள்ளிக்கங்கன்னேன். பேசல. திரும்பவும் சொன்னேன். கொஞ்சம் கோவமாவே சொல்லிட்டேன்க்கா. அப்புறம் தோளைத் தொட்டேன். அப்படியே சரிஞ்சுட்டாரு. கீழ கிடந்த ஜாக்கில நெத்தி பட்டுச்சு. பிடிக்கிறதுக்குள்ள பட்டுருச்சு. அந்தக் காயத்தப் பாத்துட்டுத்தான் ஆஸ்பத்திரில ஆக்சிடெண்டுன்னு எழுதிட்டாங்க."

நெற்றிக் காயம் அப்போது பட்டது. வலித்திருக்காது. அதற்காக அவளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

"உக்காந்த உடனேயா? இல்ல, கொஞ்ச நேரம் கழிச்சா?"

"தெரியலக்கா. நான் பாக்கல."

"வேற ஏதாவது கேட்டாரா? தண்ணி, கிண்ணி?"

"ஒண்ணும் கேக்கலக்கா."

ரோட்டில் எத்தனை பேர் போயிருப்பார்கள். வண்டிகள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள், எதிர்க் கடைக்காரர்கள். எல்லோரும் பார்த்திருப்பார்கள். யாருக்கோ காத்திருக்கும் ஒரு ஆள். அந்த நேரத்தில் அவள் தான் வேலை பார்க்கும் பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள், அவள் பாட்டுக்கு. ரெண்டு தெரு தள்ளித்தான். கூப்பிட்டிருந்தால் ஓடிப் போயிருப்பாள். ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை, செருப்பைக்கூடப் போடாமல் ஓடியிருப்பாள்.

புரோக்கர் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"உன் சம்பளத்துல இந்த வீட்டு வாடகைகூடக் கட்ட முடியாது. நான் சொல்றதக் கேளு. வளைவுல சறுக்கி விழுந்தாரு. இந்தத் தம்பி ஓடிப் போய்த் தூக்கினான். மடியில போட்டுத் தண்ணி குடுத்தான். ஆஸ்பத்திரி போற வழியில உயிர் போயிடுச்சு. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்ல ஹார்ட்டுன்னு வந்தாலும், விழுந்த அதிர்ச்சில நின்னுச்சுன்னு சொல்லிக்கலாம். வண்டிய இன்னைக்குப் பொழுதோட சாய்ச்சுப் போட்டு நாலடி இழுத்தாப் போதும். லீவர் வளையும், டாங்கில கோடு விழும். நானே பண்றேன். நீ வந்து பாக்க வேண்டாம்."

"தம்பி ஒத்துக்கிச்சா?"

"சொல்லச் சொன்னா சொல்றேன்க்கா," என்றான் அவன் தரையைப் பார்த்தபடி. "என்னால ஆனது."

"எனக்கு மட்டும் மனசு வருதுன்னா நினைக்கிற?" என்றார் புரோக்கர். "என் மச்சான்மா அவன். ஆனா அவனே இருந்தாலும், விட்டுராதீங்கன்னுதான் சொல்லுவான்."

சொல்லமாட்டார். அது அவளுக்குத் தெரியும். அந்த வண்டியைச் சாய்க்கிறவன் கையைப் பிடித்துத் தடுப்பார். ஆனாலும் அந்தப் பொய் அவளைப் பிடித்துக்கொண்டது. காசுக்காக இல்லை. அந்தப் பொய்யில் யாரோ ஓடி வந்தார்கள். யாரோ தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். யாரோ ஒருவர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். உண்மையில் டயர் அடுக்கின்மேல் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். தள்ளிக்கங்க என்று ஒருவன் கோபித்துக்கொண்டான்.

"இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள தகவல் சொல்லியாகணும்," என்று புரோக்கர் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, போனை அவள் கையில் கொடுத்தார். "நாமினி பேசினாத்தான் பதிவு பண்ணுவான். சறுக்கி விழுந்தாருன்னு மட்டும் சொல்லு. மத்தத நான் பாத்துக்கறேன்."

ஒரு பெண் எடுத்தாள். சின்ன வயசுக் குரல். பாலிசி எண் கேட்டாள், வண்டி எண் கேட்டாள், உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம் மேடம் என்று ஒப்பித்தாள்.

"விபத்து எப்படி நடந்துச்சுன்னு சொல்ல முடியுமா மேடம்?"

புரோக்கர் தலையசைத்துத் தைரியம் சொன்னார்.

"விபத்து இல்லம்மா," என்றாள் அவள்.

"மேடம்?"

"வண்டிய ஓரமா நிறுத்தினாரு. ஸ்டாண்ட் போட்டாரு. ஹெல்மெட்ட கழட்டி கண்ணாடில மாட்டினாரு. அப்புறம் உக்காந்தாரு. உக்காந்தபடியே போயிட்டாரு. அவர் கீழ விழல. வண்டிக்கும் ஒண்ணும் ஆகல."

புரோக்கர் போனைப் பிடுங்கக் கை நீட்டி, பாதியில் நிறுத்தி, அந்தக் கையாலேயே தன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். மறுமுனையில் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

"அப்படின்னா விபத்து க்ளெய்ம்ல வராது மேடம். பதிவு மட்டும் பண்ணிக்கறேன்."

"பண்ணிக்கம்மா."

"அந்த நேரத்துல அவர்கூட யாராவது இருந்தாங்களா மேடம்?"

கதவோரம் நின்றவன் தலையை இன்னும் குனிந்துகொண்டான். ஹாலில் கேஷியர் எதையோ விளக்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா? யாராவது கூட இருந்தாங்களா?"

"நான் இருந்தேன்," என்றாள்.

புரோக்கர் நிமிர்ந்து பார்த்தார்.

"பக்கத்துலயே உக்காந்திருந்தேன். சாஞ்சப்ப நான்தான் பிடிச்சுக்கிட்டேன்."

"நீங்க அவர் வண்டில பின்னாடி உக்காந்து வந்தீங்களா மேடம்?"

"ஆமா."

மறுபடியும் தட்டச்சுச் சத்தம். திரையில் அடுத்த கேள்வி வந்திருக்க வேண்டும்.

"உங்களுக்கு ஏதாவது அடி பட்டுச்சா மேடம்?"

அவள் பக்கத்தில் காலியாகக் கிடந்த கட்டிலின் விரிப்பை ஒரு கையால் நீவிவிட்டாள்.

"இல்லம்மா," என்றாள். "எனக்கு ஒண்ணும் ஆகல."

சரி மேடம் என்று சொல்லி, அந்தப் பெண் அதையும் பதிவு செய்துகொண்டாள்.